ஏழு பாக்கும் பத்தாவது பிளேட்டும்

சிராங்கூன் ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு முன்னால், அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் கடைவாசல் நடைபாதையில், எனக்கு ஒரு வெற்றிலைக் கடை இருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேசை, ஒரு முக்காலி, ஈரச்சாக்கில் சுற்றிய வெற்றிலைக் கட்டு, சுண்ணாம்பு டப்பா, பாக்குக்கு ஏழெட்டு ஜாடி, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் கடைக்கு வந்து நின்றவர்கள் வாயிலிருந்து வந்தது. ஒரு வெற்றிலை மடிக்கிற நேரத்துக்குள் மனிதர்கள் என்னென்னவோ சொல்லிவிடுவார்கள். நல்ல பேச்சாக இருந்தால் நான் மறக்கமாட்டேன். சங்கீதமும் எனக்கு அப்படித்தான் வந்தது, மாடி ஜன்னல் வழியாக, ஓசியில்.

ஜவுளிக் கடை முதலாளிக்கு மாடியில் ஒரு கிராமபோன் பெட்டியும் நூறு நூற்றைம்பது பிளேட்டுகளும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூட்டம் கூடும். கூட்டம் என்றால் ஏழு பேர். முதலாளி, ஒரு தமிழ் வாத்தியார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர், நகைப்பட்டறை வைத்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், ஏழாவதாக நான். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் பாய்தான் கேட்டு வாங்கினேன். கால் நீட்டிக்கொள்ளலாம்.

அந்தக் கிளார்க்தான் எனக்கு நண்பர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை ‘ஐசே’ என்பார், அவர்கள் ஆட்கள் எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரி. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது குடையை என் மேசைக் காலில் சாய்த்துவிட்டு அரைமணி நேரம் நிற்பார். முந்தின ஞாயிறு கேட்ட தெலுங்குக் கீர்த்தனைக்கு அர்த்தம் சொல்வார். பதிலுக்கு நான் அன்றைக்குக் கடையில் கேட்ட பேச்சுகளைச் சொல்வேன். “இதைத்தான் ஐசே நான் ஃபைலுக்குள்ளை நாள் முழுக்கத் தேடினனான்” என்று சிரிப்பார். அவருக்கென்று நான் தனியாக ஒரு ஜாடி வைத்திருந்தேன். தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்த பாக்கு. மூடியைத் திறந்தால் பக்கத்துக் கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “செத்த எலியை எதுக்குலா ஜாடியில போட்டு வச்சிருக்கே?” என்பார். எங்கள் தெருவில் அந்தப் பாக்கைப் போடுகிற ஒரே ஆள் அவர்தான்.

மாடிக்கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எதிலாவது கருத்து வேறுபாடு வந்தால் பாக்குப் போட்டு முடிவு செய்வோம். ஜன்னல் திட்டில் இரண்டு செம்பு. இதற்கு ஒன்று, அதற்கு ஒன்று. ஒவ்வொருவராகப் போய், முதுகைக் காட்டி நின்று, மடியிலிருக்கும் ஒரு பாக்கை ஏதாவது ஒரு செம்பில் போட்டுவிட்டு வர வேண்டும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் முதலாளி. “கையைத் தூக்குன்னா பக்கத்தில இருக்கிறவன் மூஞ்சியைப் பாத்துத் தூக்குறான். பாக்குக்கு மூஞ்சி இல்ல” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசியில் செம்புகளைக் கவிழ்த்து எண்ணுகிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள், பாக்கு என் சரக்கு என்பதால்.

அந்த ஆறு பேருக்கும் பாக்கு விற்கிறவனே நான்தான் என்பது ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. முதலாளி போடுவது ஏலக்காய் மணக்கும் வாசனைப் பாக்கு. வாத்தியாருக்குப் பல் ஆட்டம், அதனால் மயிரிழை மாதிரி சீவல். பட்டறை அண்ணனுக்குக் களிப்பாக்கில் பெரிய துண்டு, தம்பிக்கு அதிலேயே சின்னத் துண்டு. கிரேன்காரர் முழுக் கொட்டைப்பாக்கு. அது செம்பில் விழும்போது ‘டங்’ என்று கேட்கும். “ஓட்டுப் போடுறியா, கோயில் மணி அடிக்கிறியா?” என்று வாத்தியார் கேட்பார். எனக்கு வெட்டுப்பாக்கு. செம்பைக் கவிழ்த்தால் ஆறு பேரும் என் உள்ளங்கையில் இருப்பார்கள். முதல் தடவையே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் விளையாட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். அது ஒரு காரணம். மற்றவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறதே என்ற ருசி இன்னொரு காரணம்.

ஐம்பதுகள் முடிகிற சமயம், முதலாளி கடையை மருமகப் பிள்ளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்கே போய்விடுவது என்று முடிவெடுத்தார். ஒரு ஞாயிறு பிளேட்டெல்லாம் ஓய்ந்த பிறகு சொன்னார்.

“பெட்டி இங்கேயே இருக்கட்டும். வாத்தியார் வீட்டில வச்சுக் கேளுங்க. பிளேட்டுல பத்து மட்டும் விட்டுட்டுப் போறேன். மத்ததெல்லாம் பினாங்கில இருக்கிற இன்னொரு மாப்பிள்ளைக்குன்னு வாக்குக் கொடுத்திட்டேன். கப்பல் பினாங்கில நிக்கும்போது இறக்கிடுவேன். பத்துக்கு மேல ஒண்ணு கேட்டாலும் எனக்கும் அவருக்கும் சண்டை வரும். உள்ளதிலேயே பெரிய பாட்டு எதுன்னு பாத்துப் பத்து எடுங்க.”

உள்ளதிலேயே பெரிய பாட்டு. அந்த வார்த்தைதான் எங்களைப் பிடித்து ஆட்டியது. இரண்டு மாதம் அடித்துக்கொண்டோம். எது பெரியது? ராகம் முழுதாக வந்திருப்பதா, குரலா, சாகித்தியமா? “நம்ம பாஷையில ஒண்ணுகூட இல்லாம பத்தா? நாளைக்கு என் பிள்ளைங்க கேட்டா என்ன சொல்வேன்?” என்று வாத்தியார் நாற்காலியைத் தட்டுவார். கிரேன்காரர், “எனக்கு ஒண்ணுதான் கணக்கு. மேல கிரேன்ல தனியா உக்காந்திருக்கும்போது தானா வாயில வந்தா அது பெரிய பாட்டு” என்பார். ஒருவழியாக எட்டு பிளேட்டுகள் பேச்சிலேயே தீர்ந்துவிட்டன. மிச்சம் இரண்டு இடம். போட்டிக்கு நின்றவை மூன்று. ஒரு அம்மாள் பைரவியில் பாடிய கீர்த்தனை, அது என் நண்பருடையது. வாத்தியாரின் தமிழ்ப் பாட்டு. மூன்றாவது தோடியில் ஒரு நாயன பிளேட்டு, அதாவது நாதஸ்வரம். அது என்னுடையது.

என்னுடையது என்று ஏன் சொல்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்தாள். முதல் பிள்ளை. மூச்சில்லாமல் பிறந்தது. நர்ஸ் என் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, சாயங்காலம் வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டாள். எங்கே போவது என்று தெரியாமல் கடைக்கு வந்தேன். வெற்றிலையில் தண்ணீர் தெளிக்காவிட்டால் வாடிவிடும் என்பது மட்டும் ஞாபகத்தில் இருந்தது. மழை. தெளித்துக்கொண்டிருக்கும்போது மேலே ஜன்னலிலிருந்து நாயனம் வந்தது. தோடி என்றெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நிதானமாக ஆரம்பித்தது, யாரோ ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருகிற மாதிரி. பிளேட்டைத் திருப்பிப் போட்டார்கள். இரண்டாம் பக்கத்தில் அது வேகம் பிடித்து, ஏறி, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமல் சட்டென்று நின்றுவிட்டது. ஊசி உரசுகிற சத்தம் மட்டும். நான் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றேன். பிறகு மாடிப்படி ஏறிப் போய், “அதை இன்னொரு தரம் வைப்பீங்களா?” என்று கேட்டேன். ஈரக் கையோடு நின்ற என்னைப் பார்த்து முதலாளி ஒன்றும் கேட்காமல் மறுபடி வைத்தார். அந்தக் கூட்டத்தில் நான் சேர்ந்தது அப்படித்தான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட, அந்தக் காலையில் நான் பாட்டுக் கேட்டேன் என்று எப்படிச் சொல்வது? மூன்று பிளேட்டு, இரண்டு இடம் என்று ஆனபோது என் நண்பரிடம் மட்டும் சொன்னேன். வாரநாள் சாயங்காலம். அவர் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“யோசியாதையும் ஐசே. உம்மட நாயனத்துக்குத்தான் என்ர பாக்கு.”

“நெசமாவா அண்ணே?”

“சொன்னாச் சொன்னதுதான். அதோடை என்ர பைரவியையும் மறந்திடாதையும். நீர் எனக்கு, நான் உமக்கு. சரியோ?”

சரி என்றேன். கொடுக்கல் வாங்கலாக அதைப் பேசியவர் அவர்தான், நான் அல்ல என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் ஞாயிறு ஒன்பதாவது இடத்துக்கு. பைரவியா, தமிழ்ப் பாட்டா? எனக்கு மனசெல்லாம் வாத்தியாரின் பாட்டு மேல். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, நேரே உள்ளே இறங்கும். ஆனால் வாக்கு இருந்தது. வெட்டுப்பாக்கை பைரவிச் செம்பில் போட்டேன். எண்ணினேன். பைரவிக்கு நான்கு, தமிழுக்கு மூன்று. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் ஒரு பாக்கில் அவர் தோற்றார் என்று எனக்கு மட்டும் தெரியும். நண்பரின் முகம் கல்யாண வீட்டுக்காரன் முகமாக இருந்தது. “பாத்தீரோ, நல்ல பாட்டு தானா வெல்லும்” என்று படியிறங்கும்போது என் தோளைத் தட்டினார்.

அடுத்த ஞாயிறு பத்தாவது இடம். என் நாயனமா, வாத்தியாரின் பாட்டா? இரண்டையும் ஒருமுறை வைத்துக் கேட்டோம். ஒவ்வொருவராக ஜன்னலுக்குப் போனார்கள். கிரேன்காரரின் ‘டங்’ இடது செம்பில் கேட்டது. அது என் செம்பு. நண்பர் போனார், வந்தார், என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். போட்டாயிற்று என்பதுபோல.

என் செம்பை முதலில் கவிழ்த்தேன். முழுக் கொட்டைப்பாக்கு, களிப்பாக்கில் சின்னத் துண்டு, என் வெட்டுப்பாக்கு. மூன்று. உள்ளே ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தட்டிப் பார்த்தேன். பிறகு மற்றச் செம்பைக் கையில் எடுத்தேன். கவிழ்ப்பதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஊறல் வாடை. என் ஜாடி வாடை. முந்தின நாள் சாயங்காலம் நானே விரலை விட்டு எடுத்து இலையில் வைத்து மடித்துக் கொடுத்த பாக்கு.

“நாலு” என்றேன்.

“தமிழ் வந்திடுச்சு!” என்று வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நண்பர் என் பக்கத்தில் குனிந்து, “என்ன செய்யிறது ஐசே, நான் போட்டும் காணாமப் போச்சு, ஒண்டு குறைஞ்சிட்டுது” என்றார்.

தோற்றதுகூடப் பரவாயில்லை. அந்த ஒரு வரியை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல வந்து குடையைச் சாய்த்தார். கிரேன்காரரும் அப்போது கடையில் நின்றுகொண்டிருந்தார். நான் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, காய்ந்த பாக்கை வைத்து நீட்டினேன்.

“என்ன இது, என்ர பாக்கு எங்கை?”

“தீந்துபோச்சு அண்ணே. கடைசிப் பாக்கு நேத்து வாத்தியார் செம்புல விழுந்திடுச்சு.”

அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை. அதற்கு மட்டும் இன்றைக்கும் நான் மரியாதை வைத்திருக்கிறேன்.

“ஓம். நான்தான் போட்டனான்” என்றார். “கோவியாதையும். அந்த நாயனக்காரன் ரெண்டாம் பக்கத்திலை ஓடுறான் ஐசே. பிளேட்டு முடியப் போகுதெண்டு தெரிஞ்சு அவசரப்படுறான். ராகத்தைச் சொல்லி முடிக்கேல்லை. உம்மட துக்கம் பெரிசு. அதுக்காகப் பிளேட்டு பெரிசெண்டு சொல்ல என்ர காது விடேல்லை.”

“அப்போ எதுக்கு அண்ணே வாக்குக் கொடுத்தீங்க?”

“நீர் சொன்ன கதையைக் கேட்டிட்டு ஒருத்தன் எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?”

“நான் உங்க பைரவிக்குப் போட்டேனே.”

“அது நல்ல பாட்டு. நீர் எப்பிடியும் போட்டிருப்பீர்.”

“இல்ல அண்ணே. எனக்குத் தமிழ்ப் பாட்டுதான் புடிச்சிருந்துச்சு. உங்க முகத்துக்காகப் போட்டேன். நான் போடலேன்னா உங்க பைரவி அன்னிக்கே தோத்திருக்கும்.”

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. கெட்ட சந்தோஷம். அவர் முகத்திலிருந்து அந்தக் கல்யாணக்களை இறங்குவதை நின்று பார்த்தேன். “அப்ப அது தானா வெல்லேல்லையோ?” என்று மெல்லக் கேட்டார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காய்ந்த பாக்கு வைத்த வெற்றிலை மேசை மேலேயே கிடந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் பக்கம் ஒருவர் கவனமாக இருந்ததில், கிரேன்காரர் நிற்பதை மறந்துவிட்டோம். “டேய்” என்றார் அவர், வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு. “யார் எதுல போட்டான்னு உனக்குத் தெரியுமாலா? இத்தனை வருஷமும்?”

நான் ஜாடிகளின் மூடியை ஒவ்வொன்றாக இறுக்க ஆரம்பித்தேன். அதுவே பதில்.

அடுத்த ஞாயிறு மாடி ஏறியபோது கிரேன்காரர் எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தார். எனக்குப் பாய் விரிக்கப்படவில்லை. வாத்தியார்தான் ஆரம்பித்தார். “உன்னை நம்பித்தானே செம்பைக் கொடுத்தோம்? ஒவ்வொரு தரமும் எங்க வாயைத் தொறந்து உள்ள என்ன இருக்குன்னு பாத்திருக்கே. அதுக்கு மேல வந்து எங்க பக்கத்தில உக்காந்து சிரிச்சிருக்கே.” பட்டறை அண்ணன் தன் தம்பியை முறைத்தார், தம்பி தனக்கு எதிராக எத்தனை தடவை போட்டிருப்பான் என்று கணக்குப் போட ஆரம்பித்திருக்க வேண்டும். முதலாளி மட்டும் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “பாக்குக்கு மூஞ்சி இல்லேன்னு சொன்னது நான். முட்டாள் நான்தான்” என்றார்.

வஞ்சிக்கப்பட்டவன் என்று நான் ஒரு வாரமாக நெஞ்சில் வைத்து வளர்த்ததெல்லாம் அந்த அறையில் ஐந்து பேர் முகத்தில் இருந்தது, என்னைப் பார்த்து. ஆறாவது முகம் ஜன்னலுக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுபடி போடுவது என்று முடிவானது. முதலாளி சமையல்கட்டிலிருந்து ஒரு கைப்பிடி புளியங்கொட்டை கொண்டுவந்தார். கழுவித் துடைத்து ஆளுக்கு இரண்டு. எல்லாம் ஒரே நிறம், ஒரே மினுமினுப்பு. ஒரு நாயும் மோப்பம் பிடிக்க முடியாது.

ஒன்பதாவது இடத்துக்குப் பைரவியும் தமிழ்ப் பாட்டும். இந்தத் தடவை தமிழ்ச் செம்பில் போட்டேன். மனசுக்குப் பிடித்ததைப் போட்டேன் என்று சொல்லலாம். நண்பரைத் தோற்கடிக்கப் போட்டேன் என்றும் சொல்லலாம். இரண்டில் எது முந்தியது என்று எனக்கே தெரியாது. தமிழுக்கு நான்கு, பைரவிக்கு மூன்று. அவருடைய பாட்டு கீழே இறங்கி, பத்தாவது இடத்துக்கு என் நாயனத்தோடு மோத வந்தது. இனி எங்கள் இரண்டு பேர் பிளேட்டும் ஒன்றுக்கொன்று எதிரே.

முதலாளி நாயனத்தை ஒருமுறை வைத்தார். கடைசி முறை என்று எனக்குத் தோன்றியது. இரண்டாம் பக்கத்தில், நண்பர் சொன்னது சரிதான், நாயனக்காரர் ஓடுகிறார். பிளேட்டு தீர்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஓடுகிறார், முடியவில்லை, நிற்கிறது. அதுவரை நான் அதைக் குறை என்று கேட்டதே இல்லை. முடியாமல் போனதால்தானே அன்றைக்கு அது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது? இதை எழுந்து சொல்லியிருக்கலாம். அந்த அறையில் என் பேச்சுக்கு அன்றைக்கு யார் காது கொடுப்பார்கள்?

எண்ணுகிற வேலை என்னிடம் இல்லை. வாத்தியார் கவிழ்த்தார். பைரவிக்கு ஐந்து. நாயனத்துக்கு இரண்டு.

முந்தின ஞாயிறு எனக்கு மூன்று இருந்தது. கிரேன்காரர், பட்டறைத் தம்பி, நான். இப்போது இரண்டு. ஒன்று நான் போட்டது. இன்னொன்று? கிரேன்காரர் கோபத்திலும் தன் காதுக்குத் துரோகம் செய்ய மாட்டார், அவராக இருக்கலாம். தம்பியாகவும் இருக்கலாம். அல்லது இரண்டு பேரும் என்னைக் கைவிட்டு, தன் பைரவியை எதிரே வைத்துக்கொண்டே ஒருவர் எனக்குப் போட்டிருக்கலாம், கொடுத்த வாக்கை ஒரு வாரம் தாமதமாகக் காப்பாற்றி. அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கண்ணை மூடித் திறக்கவில்லை.

கப்பல் போனது. நாயன பிளேட்டு பினாங்கில் இறங்கியிருக்கும். கிராமபோன் பெட்டி வாத்தியார் வீட்டுக்குப் போனது. ஒரு வருஷம் கழித்து நானும் அங்கே போக ஆரம்பித்தேன். பாய் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்தாவது பிளேட்டு பைரவி சுற்றும்போது, அது பெரிய பாட்டு என்று தெரிந்தது. அவர் காது தப்புச் சொல்லவில்லை. அப்படித் தெரிந்ததால் எதுவும் ஆறிவிடவில்லை. அவர் காது சரியாக இருந்திருக்கலாம். வாக்குக் கொடுத்தது காது அல்லவே.

நண்பர் அங்கே வருவதை நிறுத்தினார், வெற்றிலை போடுவதையே விட்டுவிட்டார். பல் டாக்டர் சொன்னாராம். இதைக் கிரேன்காரர் ஜூரோங்குக்கு வேலை மாறிப் போவதற்கு முன்னால் வந்து சொன்னார். ஆபீஸ் விட்டு வரும்போது நண்பர் எதிர் அஞ்சடி வழியாகப் போவார், குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மழை இல்லாத நாளிலும். நான் கூப்பிட்டதில்லை. அவரும் திரும்பியதில்லை. அறுபதுகளின் நடுவில் அந்தக் குடை வருவது நின்றது. வீடு மாறிப் போய்விட்டார் என்றார்கள். அதன் பிறகுதான் அந்த ஜாடியைக் கொட்டிக் கழுவினேன். அதுவரை வாரா வாரம் தண்ணீர் மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி போட்ட அன்றைக்கு எல்லாரும் இறங்கிப் போனபின், நாயனச் செம்பருகே கிடந்த அந்த இரண்டு புளியங்கொட்டைகளை நான் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு வந்தேன். கடை முக்காலியில் உட்கார்ந்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன். ஊர்ப் பாக்கையெல்லாம் படித்தவனுக்கு அதில் தான் போட்டது எது என்றுகூடத் தெரியவில்லை.